காரணம்: கறை

ஜூன் 1, திங்கள்

இன்று முதல் சட்டைக்கும் பாஸ்போர்ட். எனக்கு இல்லை. நாற்பத்து மூன்று வயதில் நான் திருப்பூரை விட்டுப் பாலக்காடு தாண்டிப் போனதில்லை. நாங்கள் தைக்கிற டி-சர்ட்டுக்கு மட்டும் ஐரோப்பா போக ஜாதகம் வேண்டுமாம்.

சட்டம் பிறகுதான் வரும், எங்கள் சட்டையை வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனிக்காரர்கள், அதாவது பையர், முந்திக்கொண்டார்கள். ஒவ்வொரு சட்டையின் உள்தையலிலும் நகம் அளவுக்கு ஒரு கியூஆர் கோடு. வாங்கியவள் போனைக் காட்டினால் போதும். பஞ்சு எந்த ஊர், நூல் எந்த மில், எந்த யூனிட்டில் எந்தத் தேதி சாயம் ஏறியது, எத்தனை லிட்டர் தண்ணீர் குடித்தது, கிழிந்த பிறகு என்ன ஆனது, எல்லாம் அதில் வரும். கம்பெனியில் இதை ஏற்றுகிற பொறுப்பு நவமணிக்கு, அதாவது எனக்கு. பன்னிரண்டு வருடமாக ஆடிட்டுக்கு ஃபைல் அடுக்கியவளுக்கு இது ஒன்றும் மலை இல்லை.

பயிற்சி கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். "லாக் பண்ணிட்டா அழிக்க முடியாது மேடம். திருத்தலாம், ஆனா பழசு மேல கோடு போட்டு அப்படியே நிக்கும். யார் திருத்தினது, என்னிக்கு, ஏன், எல்லாம் தெரியும்" என்றாள். தினமும் என்ன ஏற்றினோம் என்று தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னாள். அதற்குத்தான் இந்த டைரி. கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் எம்.டி. சிரிக்கிறார்.

"இதையெல்லாம் யாரும்மா ஸ்கேன் பண்ணிப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

ஜூன் 3, புதன்

மஞ்சள் ஆர்டர், எட்டு லாட் துணி, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நம்பர், 410 முதல் 417 வரை. பையர் ஒப்புதல் கொடுத்த சாயப்பட்டறையில் இடம் இல்லை. எம்.டி. கூப்பிட்டு, "உங்க அண்ணன்கிட்ட ஏத்திருங்க நவமணி. பாஸ்போர்ட்ல என்ன போடணுமோ நீங்களே பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். பட்டறை என்ற கட்டத்தில் ஒப்புதல் பெற்ற பட்டறையின் பெயர். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

சென்னியப்பன் அண்ணனின் பட்டறைக்கு லைசென்ஸ் ரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. தகர கேட், வெளியே குடோன் என்று போர்டு. உள்ளே மெஷின் ஓடுகிறது. குற்றம் என்றால் குற்றம்தான். ஆனால் என் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிவிட்டு மேலே போகிறேன். பதினேழு வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் என் தொடையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மறுநாள் காலை அண்ணன் வந்தார். நடுத்தெருவில் சைக்கிள் செயினால் அந்த ஆளை அடித்தார். அடித்த அடியில் முழங்கால் சில்லு வெளியே தெரிந்தது. பிறகு என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்துத் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து அந்த மாடிதான் எனக்கு வீடு. அந்தச் செயின் இன்னும் கீழே சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

மோர்மிளகாய் காயப்போட்டேன். காற்றில் பாதி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

ஜூன் 5, வெள்ளி

மஞ்சள் ஷேடு பார்க்க அண்ணன் பட்டறைக்குப் போனேன். ஹைட்ரோவில் ரகுநாத் நின்றிருந்தான். ஒடிசாக்காரன். அவன் மனைவி சுகாந்தி எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். அவள் கேட்டுத்தான் அவனை அண்ணனிடம் சேர்த்துவிட்டேன். டீ நேரத்தில் துணி ரோல் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டி போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவான். அதைப் பார்த்துக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறாள் என்று நான் அவளைத் திட்டியதும் உண்டு.

ஹைட்ரோ என்றால் ஈரத் துணியைச் சுழற்றித் தண்ணீர் பிழிகிற பெரிய எஃகுத் தொட்டி. சுற்று முழுதாக நிற்கும்வரை மூடி திறக்காதபடி பூட்டு உண்டு. நிற்க நான்கு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடுகிறது. போன மாதம் அண்ணனிடம் நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "பாருங்கண்ணா, நாலு நாப்பது நூத்தியறுவது. ரெண்டே முக்கா மணி நேரம் சும்மா நிக்கறீங்க." அண்ணன் அன்றைக்கே ஸ்பேனர் எடுத்துப் பூட்டைக் கழற்றிவிட்டார். "என்ற தங்கச்சி மண்டைக்கு ஈடு உண்டா" என்று எல்லோரிடமும் சொன்னார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 9, செவ்வாய்

எட்டு லாட்டும் 11.25க்கு உள்ளே வந்துவிட்டது. 417இல் மட்டும் நான்கு ரோல் குறைவு. தலைவலி.

ஜூன் 10, புதன்

அண்ணன் பட்டறையில் நேற்று சின்ன விபத்து. ரகுநாத்துக்குக் கையில் அடி.

குறைந்த நான்கு ரோல் இன்று வந்தது, கருப்பாக. மஞ்சளில் ஏதோ ஆகிவிட்டதாம். வெளிர் நிறம் கெட்டால் கருப்பில் முக்கி எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். கருப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். எம்.டி. கருப்புச் சட்டை ஆர்டரில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். துணியின் எடைக் கணக்கு இடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே 417-க என்று தனி நம்பர் போட்டு, 417இலிருந்து மறுசாயம் என்று ஏற்றினேன். காரணம் சொல்லாமல் சேவ் ஆகமாட்டேன் என்றது. பட்டியலில் எண்ணெய், கறை, ஷேடு, மற்றவை என்று நான்கு இருந்தன. கறை என்பதைத் தொட்டேன்.

லாக் செய்தேன். மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 11, வியாழன்

ரகுநாத் இறந்துவிட்டான்.

பைபாஸில் ஏதோ வண்டி அடித்துப்போட்டுவிட்டுப் போய்விட்டது என்று ஸ்டேஷனில் எழுதியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் சாலையோரம் கிடந்தானாம். வலது கை தோளோடு இல்லை. கை கிடைக்கவில்லையாம்.

பைபாஸ்.

அண்ணனிடம் கேட்டேன். "நீ உன்ற சோலியப் பாரு அம்மிணி. நான் இருக்கறன்ல" என்றார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

ஜூன் 13, சனி

சுகாந்தி உடலை வாங்கமாட்டேன் என்கிறாள். எம்.டி. ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து, கம்பெனி சார்பில் பேச என்னை அனுப்பினார். பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடத் தமிழ் அவளுக்கு. தப்பில்லாமல் பேசுவாள், அவசரத்தில் மட்டும் உடையும்.

"கை எங்க அக்கா?"

"ரோட்ல அடிபட்டா அப்படித்தாம்மா. நாய் கீய் இழுத்துட்டுப் போயிருக்கும்."

சொன்ன வாயை என்ன செய்வது! நாய் என்று எப்படி வந்தது என் வாயில்? அவள் அழவில்லை.

"பத்தரை மணிக்கு போட்டோ அனுப்பினான். பட்டறையில நிக்கறான். பன்னிரண்டு மணிக்கு பைபாஸ் ரோட்ல எப்படி? அது எட்டு கிலோமீட்டர். அவன்கிட்ட சைக்கிள்கூட இல்ல."

"எனக்கென்னம்மா தெரியும்."

"கை கொடுங்க. கை இல்லாம எப்படி எரிக்கறது? மேல போய் எப்படி சாப்பிடுவான்?"

ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது.

ஜூன் 15, திங்கள்

அண்ணனுக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

பிகாஷ் என்று ஒருவன், ரகுநாத்தோடு ஹைட்ரோவில் நின்றவன், சுகாந்தியிடம் என்னவோ சொல்லியிருக்கிறான். அண்ணனும் இரண்டு ஆட்களும் அவனைச் சாய டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் குழாய். முதல் அடியில் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. வாயிலிருந்து ரத்தம் கயிறு மாதிரி தொங்கியது. அவன் ஒடியாவில் ஏதோ சொன்னான், அதுவும் சரியாக வரவில்லை. அண்ணன் அவன் முடியைப் பிடித்துத் தலையை டிரம்மில் மோதினார், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை டிரம் நசுங்கிய சத்தம் கேட்டது. கீழே விழுந்தவனின் விலாவில் ஒருவன் ஏறி நின்றான்.

"இன்னிக்கு ரயில்ல ஏறிப்போடோணும். மறுபடி இந்த ஊர்ல உன்னப் பாத்தேன், பாய்லர்ல தூக்கிப் போட்டுருவேன். ஒண்ணு போட்டாச்சு, ரெண்டாவது போட எத்தன நேரம்?" என்றார் அண்ணன்.

கேட் அரைவாசி திறந்திருந்தது. தெருவில் தண்ணீர் லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். நான் போய் கேட்டைச் சாத்தினேன்.

எதற்குச் சாத்தினேன் என்று கேட்டால், வெயில் என்று சொல்வேன்.

ஜூன் 16, செவ்வாய்

ஒண்ணு போட்டாச்சு என்றாரே.

ஜூன் 19, வெள்ளி

ரசம் வைத்தேன், புளி அதிகமாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் இன்று பன்னிரண்டு லாட் ஏற்றினேன். எல்லாம் சுத்தம். எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டறை அண்ணனுடையது, மெஷின் அண்ணனுடையது, நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று எழுதி வைக்கிறேன்.

ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

சுகாந்தி வேலைக்கு வந்துவிட்டாள். உடல் இன்னும் பிணவறையில்தான் இருக்கிறது. "வீட்ல உக்காந்தா பைத்தியம் பிடிக்குது" என்றாளாம் சூப்பர்வைசரிடம். அவளைக் கருப்புச் சட்டை டேபிளில் போட்டிருக்கிறார்கள். யார் போட்டது என்று கத்தினேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 24, புதன்

பாஸ்போர்ட் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன எண் இருக்கிறது, எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று. மூன்று வாரமாக எல்லா லாட்டுக்கும் பூஜ்யம். இன்று காலை 417-க: ஒன்று. இடம்: திருப்பூர். பத்து மணிக்கு 417: ஒன்று. இடம்: திருப்பூர். பதினொன்றுக்கு 417-க: ஆறு.

இறங்கி செக்கிங் ஹாலுக்குப் போனேன். அவள் சட்டையை உள்பக்கம் திருப்பி மடியில் வைத்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். ரகுநாத்தின் கடைசி போட்டோ. ஜூன் 9, 10.31. மஞ்சள் ரோல்மேல் கையை ஊன்றிச் சிரிக்கிறான். கைக்குப் பக்கத்தில் மார்க்கரில் 417 என்று அண்ணனின் கையெழுத்து.

"இந்த நம்பர் பாஸ்போர்ட்ல வேற பட்டறை போட்டிருக்கு. அங்க அவன் போனதே இல்ல. அப்போ பாஸ்போர்ட் பொய்யா, போட்டோ பொய்யா?"

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுல பாருங்க. கருப்பு. 417இல இருந்து மறுசாயம். காரணம் கறை. என்ன கறை அக்கா?"

"சுகாந்தி, டேபிள்ல போன் வெச்சிருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"என்ன கறைன்னு மட்டும் சொல்லுங்க. நான் போனை வெச்சுடறேன்."

அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிப்பதுபோல. எனக்கு வந்ததே கோபம்! பிடுங்கிப் பெட்டியில் எறிந்தேன். இடிந்தவள்போல நின்றாள். இருநூறு பேர் பார்த்தார்கள்.

மாலையில் அண்ணனிடம் சொன்னேன். சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். அவளிடம் ஒரு போட்டோ இருக்கிறது என்று.

ஜூன் 25, வியாழன்

ஐயோ.

ஜூன் 26, வெள்ளி

நேற்று சாயங்காலம் லைன் வீட்டில் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போயிருக்கிறார். அவள் போனைக் கேட்டிருக்கிறார். கொடுக்கவில்லை. அம்மிக்கல்மேல் அவள் கையை வைத்துப் போனோடு சேர்த்துக் குழவியால் அடித்திருக்கிறார். நான்கு விரல். போன் தூள். தடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரனின் காதைப் பிடித்து இழுத்ததில் காது மடல் கிழிந்துவிட்டது.

இன்று காலை கட்டுப் போட்ட கையோடு என் ரூமுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தக் கையை என் மேஜைமேல் வைத்தாள்.

"அவன் கை கேட்டேன். என் கையை உடைச்சாங்க. போட்டோ இருக்குன்னு நான் உங்களுக்கு மட்டும்தான் காட்டினேன்."

"நான்..."

"ஊருக்கு முன்னாடியே அனுப்பிட்டேன் அந்தப் போட்டோ. என் தம்பிகிட்ட இருக்கு. அது போச்சுன்னு உங்க அண்ணன் நினைக்கட்டும். நீங்க ஒண்ணு சொல்லுங்க. நீங்க அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தீங்க. அன்னிக்கு உங்க காலைத் தொட்டான். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. தொட்டது அந்த வலது கைதான்.

ஜூன் 27, சனி

கீழ்ப்பல் இரண்டு போய்விட்டது. இடது கண் மூடிவிட்டது. எழுத முடிகிறது, எழுதுகிறேன்.

மதியம் அண்ணன் மாடிக்கு வந்தார். எம்.டி. அவரிடம் சொல்லியிருக்கிறார்: கறை என்று இருக்கிற வரியைத் தங்கச்சியை எடுக்கச் சொல்லு, பிரச்சினை தானாகப் போய்விடும். எடுக்க முடியாது, கோடு போட்டு நிற்கும் என்றேன். "அப்ப ஷேடுன்னு மாத்து" என்றார். மாற்றமாட்டேன் என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

"கை எங்கண்ணா?"

"என்ன?"

"அவன் கை. எங்க?"

"பாய்லர்ல போட்டுட்டேன். போதுமா? வேற எங்க வெப்பேன், ஃபிரிட்ஜ்லயா? உனக்காக ஒருத்தன் காலை உடைச்சவன்டி நான். எனக்காக நீ ஒத்த வரி மாத்த மாட்டியா?"

"அன்னிக்கு எனக்காக அடிச்சீங்க. இப்ப அவ விரலை உடைச்சது யாருக்காக?"

கீழே இறங்கிப் போனார். சாமி படத்துப் பக்கத்து ஆணியிலிருந்து செயினை எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். படியில் அது தட்டித் தட்டி வருகிற சத்தம் கேட்டது. பதினேழு வருடத்துக்கு முன்பு அதே சத்தம் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது!

முதல் வீச்சு தோளில். இரண்டாவது முகத்தில். வாய்க்குள் பல் கழன்று நாக்கில் உருண்டது. மூன்றாவது வீச்சுக்கு முன்னால் அடுப்பிலிருந்த குக்கரைப் பிடியோடு தூக்கி அவர் மேல் வீசினேன். கொதிக்கிற பருப்பு. கழுத்திலிருந்து நெஞ்சுவரை தோல் வெந்து சுருண்டது. அண்ணன் கத்தினார், நானும் கத்தினேன், யார் குரல் எது என்று தெரியவில்லை. அண்ணி வந்து அவரை இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

தரையெல்லாம் பருப்பும் ரத்தமும். உட்கார்ந்து துடைத்தேன். துடைத்த துணியும் மஞ்சளாகத்தான் இருந்தது.

ஜூன் 29, திங்கள்

எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டார். பாஸ்போர்ட்டைத் திறந்தேன். 410 முதல் 417, பிறகு 417-க.

சாயம் ஏற்றிய இடம்: அண்ணன் பட்டறையின் முழு முகவரி. லைசென்ஸ்: இல்லை. மறுசாயக் காரணம்: கறை என்பதை எடுத்து, மற்றவை என்று போட்டு, ரத்தம் என்று அடித்தேன். வேலை செய்தவர் பெயர் எழுத அதில் இடமே இல்லை. தண்ணீர் எத்தனை லிட்டர், உப்பு எத்தனை கிலோ, கரண்டு எத்தனை யூனிட் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஆளுக்கு இல்லை. திருத்தத்துக்குக் காரணம் கேட்கிற பெட்டி மட்டும்தான் பெரிதாக இருந்தது. அதில் எழுதியதை இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்:

"ஜூன் 9 அன்று இந்தத் துணியைப் பிழிந்தவர் ரகுநாத் நாயக். ஹைட்ரோவின் மூடிப் பூட்டைக் கழற்றச் சொல்லிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான். அன்று காலை 10.40, 10.52, 11.04க்கு நான் போன் செய்தேன். மூன்றாவது போனில், இன்னும் என்ன பண்றீங்க, அள்ளிப் போடச் சொல்லுங்க என்றேன். அண்ணன் அவரைப் பார்த்து, எடுறா சீக்கிரம் என்று கத்தியது எனக்குக் கேட்டது. சுற்று நிற்கவில்லை. துணி கையைச் சுற்றி உள்ளே இழுத்துவிட்டது. அந்த அலறல் போனில் கேட்டது. கை போச்சு அம்மிணி, கையே போச்சு என்றார் அண்ணன். வாசலில் ஒரே வண்டிதான் நின்றது. நான் கேட்டது இது: துணி ஏத்தியாச்சா? ஏற்றியாயிற்று என்றார். அப்போ வண்டியை அனுப்புங்க, அவனுக்கு வேற வண்டி பாருங்க என்றேன். வண்டி 11.25க்குத் துணியோடு இங்கே வந்தது. வேறு வண்டி கிடைக்க அரை மணி நேரம் ஆனது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். உடலைப் பைபாஸில் போட்டார்கள். கையைப் பாய்லரில் எரித்தார்கள். அவர் ரத்தம் பட்ட நான்கு ரோல்தான் இந்தக் கருப்பு."

திருத்தியவர்: நவமணி. லாக்.

எழுந்தேன். பிறகு செக்கிங் ஹாலுக்குப் போய் சுகாந்தியிடம், "இப்ப ஸ்கேன் பண்ணு" என்றேன். போன் இல்லை அவளிடம். என் போனைக் கொடுத்தேன். எழுத்தை அவள் ஊர் பாஷைக்கு மாற்றிப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். முடித்ததும் நல்ல கையால் என் கன்னத்தில் அறைந்தாள். அடிபட்ட பக்கம். நான் அங்கேயே நின்றேன். இன்னொன்று அறைந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு 417-க: முந்நூற்றுப் பத்து. எல்லாம் திருப்பூர். ஹாலில் ஒவ்வொருத்தியும் ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 2, வியாழன்

அண்ணனைக் காலையில் கூட்டிப்போனார்கள். சுகாந்தியும் தொழிற்சங்கத்துக்காரர்களும் பாஸ்போர்ட் பக்கத்தை அச்செடுத்து, போட்டோவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பாய்லர் சாம்பலைச் சலித்ததில் விரல் எலும்பு ஒன்றும் ரகுநாத் போட்டிருந்த செம்புக் காப்பும் கிடைத்தன. அவை வழக்குக்கு வேண்டும், இப்போது தரமாட்டார்களாம்.

கழுத்தில் கட்டோடு அண்ணன் ஜீப்பில் ஏறினார். மாடியை அண்ணாந்து பார்த்து, "சாவிய வெச்சுப்போட்டுப் போயிரு" என்றார். அவ்வளவுதான். ஜீப் தெரு முனை திரும்பும்வரை அழுதேன். அண்ணனுக்காகத்தான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பையர் கன்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். எம்.டி. என்னை வேலையை விட்டு அனுப்பினார், என் ஐடியையும் முடக்கச் சொன்னார். அது பையர் கையில் இருக்கிறது, முடக்க முடியவில்லை. மேஜையைக் காலி செய்தபோது 417-க பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் திருடிய முதல் பொருள்.

இன்ஸ்பெக்டர், "நாலு நிமிஷக் கணக்கு, வண்டி விஷயம் ரெண்டையும் வாக்குமூலத்துல சொன்னீங்கன்னா உங்களையும் சேக்க வேண்டி வரும். யோசிச்சுட்டுத் திங்கக்கிழமை வாங்க" என்றார்.

"சேருங்க" என்றேன். பல் இல்லாததால் சரியாக வரவில்லை. திரும்பச் சொன்னேன்.

ஜூலை 5, ஞாயிறு

இருபத்தாறு நாளுக்குப் பிறகு இன்று காலை சுகாந்தி உடலை வாங்கினாள். நான் மின் மயானத்துக்குப் போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. பிகாஷ் ஊரிலிருந்து திரும்பி வந்திருந்தான், தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கல்லை எடுத்தான். சுகாந்தி கையைக் காட்டினாள், போட்டுவிட்டான்.

பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினேன். "கை கிடைக்காது சுகாந்தி. அவனோடது எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தாள். 417-க, சட்டை எண் 1. தள்ளுவண்டியில் கிடந்தவனின் வலது பக்கம், வெள்ளைத்துணி பள்ளமாக இறங்கியிருந்த இடத்தில், அதை நீளமாக மடித்து வைத்தாள். சட்டைக் கையின் நுனியை அவன் இடுப்புப் பக்கம் இழுத்துவிட்டாள். பிறகு அந்தத் துணியில் நெற்றியை வைத்து, இருபத்தாறு நாளாக அழாததையெல்லாம் அழுதாள்.

கதவு இறங்கியது.

ஜூலை 6, திங்கள்

பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மாடியைப் பெருக்கிவிட்டேன். சாவி ஆணியில் தொங்குகிறது.

கிளம்பும்போது போனில் பாஸ்போர்ட்டிலிருந்து ஒரு தகவல் வந்தது: 417-க, சட்டை எண் 1 பெட்டியில் இல்லை, நிலையைப் பதியவும். திறந்தேன். உரிமையாளர்: சுகாந்தி நாயக். வாழ்நாள் முடிவு என்ற கட்டத்தில் மறுபயன்பாடு, மறுசுழற்சி, எரிக்கப்பட்டது என்று மூன்று இருந்தன. மூன்றாவதைத் தொட்டேன்.

காரணம் கேட்டது.

கைக்குப் பதிலாக, என்று அடித்து லாக் செய்தேன்.